பென்சிலின் அலர்ஜி என்று எழுதியிருப்பவருக்கு எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவு. அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. சுமார் 25 வருஷத்துக்கு முன்னால் தொண்டை வலிக்குப் பென்சிலின் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து அரித்திருக்கிறது. இன்னொரு ஊசி போட்டதும் அன்றைக்கே அடங்கிவிட்டது. அதிலிருந்து எல்லா ஃபைலிலும் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி'. இப்போது நீர்க்கடுப்பு. டாக்டர் செஃபிக்சிம் எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் "இதுவும் பென்சிலின் வகைதான், எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை வேறு இருக்கிறது. பயமில்லாமல் எதைக் கொடுக்கலாம், டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். மருந்துப் பெயர்களைச் சொல்கிறேன். ஆனால் எந்தப் பெயரைச் சொல்வது என்பது, அன்றைக்கு அம்மாவின் உடம்பில் சரியாக என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. ஃபைலில் உள்ள இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு மருந்து தேர்ந்தெடுக்க முடியாது.

இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பத்தில் ஒருவர் தனக்குப் பென்சிலின் அலர்ஜி என்று சொல்லிக்கொள்கிறார். அவர்களை முறையாகப் பரிசோதித்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் எந்தத் தொல்லையும் இல்லாமல் பென்சிலின் எடுத்துக்கொள்கிறார்கள். காரணங்கள் பல. சிலருக்கு நடந்தது அலர்ஜியே இல்லை: வயிற்றுப்போக்கு, குமட்டல், தலைவலி இவையெல்லாம் பக்க விளைவுகள். ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாகி விழுந்து, படுக்க வைத்ததும் தெளிந்தவருக்கு நடந்தது வெறும் மயக்கம். நிஜமான அலர்ஜி அதிர்ச்சியில் நாடி வேகமாக ஓடும், அரிப்போ தடிப்போ மூச்சிரைப்போ கூடவே வரும். சிலருக்கு அப்பாவுக்கு அலர்ஜி என்பதற்காகப் பிள்ளைக்கும் எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு எந்த மதிப்பும் இல்லை. குழந்தைகளுக்குப் பென்சிலின் வகையான அமாக்ஸிசிலின் சிரப் கொடுத்த நாலாம் ஐந்தாம் நாள் வரும் சிவப்புப் பொரி பெரும்பாலும் காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸின் வேலை. முக்கியமாக எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கும்போது ஆம்பிசிலினோ அமாக்ஸிசிலினோ கொடுத்தால் பலருக்கு மேலெல்லாம் சிவந்துவிடும். வைரஸ் போனபின் அதே மருந்து ஒன்றும் செய்யாமல் இருக்கலாம்.

உண்மையாகவே அலர்ஜி இருந்தவர்களுக்கும் அது தேய்ந்துபோகிறது. உடனடி வகை அலர்ஜிக்குக் காரணமான ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருள், மருந்து மறுபடி உள்ளே போகாத வரை குறைந்துகொண்டே வரும். 5 வருஷத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், 10 வருஷத்தில் 80 சதவீதம் பேருக்கும் அலர்ஜி விலகிவிடுகிறது. உங்கள் அம்மாவின் கணக்கு 25 வருஷம்.

ஆகவே மருந்துக்கு முன்னால் விசாரணை. அம்மாவிடமும், அப்போது கூட இருந்தவர்களிடமும் இவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஊசியா மாத்திரையா, அன்றைக்கு அது முதல் டோஸா? எத்தனை நிமிஷத்தில் அல்லது எத்தனையாவது நாளில் ஆரம்பித்தது? தடிப்பு காணாக்கடி மாதிரி திட்டுத் திட்டாக எழும்பி, ஓரிடத்தில் அமுங்கி வேறிடத்தில் கிளம்பியதா, அல்லது தட்டையான சிவப்புப் புள்ளியாக நாள்கணக்கில் நின்றதா? உதடு, கண்ணிமை, நாக்கு வீங்கியதா? மூச்சு வாங்கியதா, குரல் கம்மியதா, மயக்கம் போட்டதா? வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண், தோலில் கொப்புளம், தோல் உரிதல் இருந்ததா? ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா? கடைசியாக, பலரும் கேட்க மறந்துவிடுகிற கேள்வி: அதற்குப் பிறகு பல் வலிக்கோ சளிக்கோ ஆக்மென்டின், மாக்ஸிகைண்ட் சி.வி., நோவாமாக்ஸ் ஏதாவது சாப்பிட்டிருக்கிறாரா? பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். இவை எல்லாவற்றிலும் அமாக்ஸிசிலின் இருக்கிறது. இடையில் ஒரு கோர்ஸ் முழுதாகச் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்தச் சிவப்பு மை எழுத்தை அடித்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேட்க அதுவே போதுமான ஆதாரம்.

விடைகளை வைத்துப் பார்த்தால் ஆட்கள் மூன்று நான்கு வகையாகப் பிரிவார்கள். ஒரு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள், காணாக்கடி, வீக்கம், மூச்சிரைப்பு, பிரஷர் இறங்குதல் என்று வந்தால் அது உடனடி வகை. சில நாள் கழித்து வெறும் சிவப்புப் பொரி மட்டும் வந்து தானாக மறைந்தால் அது தாமத வகையில் சாதுவானது. கொப்புளமும் வாய்ப்புண்ணும் தோல் உரிதலும் சேர்ந்த ஸ்டீவன்ஸ்-ஜான்சன், காய்ச்சலோடு முகம் வீங்கி நெறி கட்டிக் கல்லீரல் கெடும் டிரெஸ், ரத்த அணுக்கள் சிதைவது, சிறுநீரகம் பாதிப்பது, இவை தாமத வகையிலேயே பொல்லாதவை. இந்தக் கடைசிக் கூட்டத்தாருக்கு நான் கீழே சொல்லப்போகிற சலுகைகள் எதுவும் கிடையாது: பென்சிலின் வகை ஆயுசுக்கும் வேண்டாம், தோல் பரிசோதனையும் வேண்டாம், கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம், செஃபலோஸ்போரின்களையும் (செஃபிக்சிம் இந்தக் குடும்பம்தான்) பொதுவாக ஒதுக்கிவிடுவதே முறை. காலம் போனால் இவர்களுக்கு ஆபத்து தேயும் என்று நம்பவும் முடியாது.

உங்கள் அம்மாவுக்கு நடந்தது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உடனடி வகைக் காணாக்கடி. மூச்சும் பிரஷரும் கெடவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி அந்த செஃபிக்சிம் சண்டை. மெடிக்கல் ஷாப்காரர் சொன்னதில் பாதி சரி. பென்சிலினுக்கும் செஃபலோஸ்போரினுக்கும் நடுவில் பீட்டா-லாக்டம் என்ற ஒரே வளையம் இருக்கிறது. பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களில் பத்து சதவீதம் பேருக்குச் செஃபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளாது என்று பழைய பாடப்புத்தகங்கள் எழுதின. இன்றும் பல இடங்களில் அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கு ஆரம்ப காலத்துச் செஃபலோஸ்போரின்களை வைத்துப் போட்டது. அவற்றில் பென்சிலின் கலப்பே கொஞ்சம் இருந்தது. பென்சிலினைப் போன்ற பக்கச் சங்கிலி கொண்டவையும் அவற்றில் இருந்தன. இப்போது தெளிவாகியிருப்பது, பெரும்பாலும் உடம்பு எதிர்ப்பது நடு வளையத்தை இல்லை, அதில் ஒட்டியிருக்கும் பக்கச் சங்கிலியை. உடம்பு இனிஷியலைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறது. ஆம்பிசிலினின் முகச்சாயல் செஃபலெக்சினுக்கும் செஃபக்ளோருக்கும் உண்டு. அமாக்ஸிசிலினின் சாயல் செஃபட்ராக்சிலுக்கும் செஃப்ப்ரோசிலுக்கும் உண்டு. பரிசோதனையில் பென்சிலின் அலர்ஜி உறுதியானவர்களிடமே பார்த்தாலும், இப்படிச் சாயல் உள்ளவற்றில் சுமார் 16 சதவீதம் பேருக்குத்தான் எதிர்ப்பு இருக்கிறது; சாயல் இல்லாதவற்றில் அது சுமார் 2 சதவீதம். செஃபிக்சிம், செஃபுராக்சிம், செஃப்போடாக்சிம், செஃப்ட்ரையாக்சோன், செஃபிபிம் எல்லாம் சாயல் இல்லாத பக்கம். (இவற்றில் பலவற்றுக்குத் தங்களுக்குள் சாயல் உண்டு என்பது வேறு கதை: செஃப்ட்ரையாக்சோனுக்கு அலர்ஜி வந்தவருக்கு செஃபோடாக்சிம் கொடுக்கும்போது யோசிக்க வேண்டும்.)

அமெரிக்க அலர்ஜி நிபுணர் சங்கங்களின் 2022 வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. பென்சிலினில் காணாக்கடி போன்ற, அனஃபிலாக்ஸிஸ் (மூச்சோ பிரஷரோ கெடும் கடும் அலர்ஜி) அளவுக்குப் போகாத எதிர்வினை வந்தவர்களுக்கு எந்தச் செஃபலோஸ்போரினையும் சோதனையில்லாமல் கொடுக்கலாம்; அனஃபிலாக்ஸிஸே வந்தவர்களுக்கும் சாயல் இல்லாத செஃபலோஸ்போரினைக் கொடுக்கலாம். மெரோபெனம் போன்ற கார்பாபெனம்களில் குறுக்கு எதிர்வினை, அதாவது பென்சிலின் அலர்ஜி உள்ளவருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போவது, ஒரு சதவீதத்துக்கும் கீழே. அஸ்ட்ரியோனாம் பென்சிலினோடு சேராது. ஆனால் செஃப்டாசிடிமுக்கும் அதற்கும் பக்கச் சங்கிலி ஒன்றே. எனக்கு இதில் ஒரு சின்னத் தயக்கம் உண்டு. அனஃபிலாக்ஸிஸ் வந்தவருக்கு முதல் டோஸை, சாயல் இல்லாத மருந்தாகவே இருந்தாலும், வீட்டில் தனியாக இருக்கும்போது போடச் சொல்ல மாட்டேன். கடும் அலர்ஜிக்கு உயிர் காக்கும் ஊசியான அட்ரினலின் கையில் இருக்கும் இடத்தில் போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆக அலர்ஜி காரணமாகச் செஃபிக்சிமைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் நீர்க்கடுப்புக்கு அது முதல் தேர்வா என்றால், என் கணிப்பில் இல்லை. காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி எதுவும் இல்லாமல் வெறும் எரிச்சலும் அடிக்கடி போவதும் மட்டும் என்றால் நைட்ரோஃபியூரன்டாயின் நல்ல மருந்து. பென்சிலினோடு அதற்கு எந்த உறவும் இல்லை. நீடித்து வேலை செய்யும் 100 மி.கி. மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று, சாப்பாட்டோடு, 5 நாள். சிறுநீர் பழுப்பு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். கிரியாட்டினின் பார்த்துக் கணக்கிட்ட சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே என்றால் கொடுக்கக் கூடாது; ஜி-6-பி.டி. (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் என்சைம்) குறைபாடு உள்ளவருக்கும் கூடாது. சிறுநீரகத்துக்குள் தொற்று ஏறிவிட்டால் இது பயன்படாது, ஏனென்றால் ரத்தத்திலும் திசுவிலும் போதுமான அளவு நிற்பதில்லை. இன்னொரு வழி ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி, தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு தடவை. எதுவாக இருந்தாலும் முதல் மாத்திரைக்கு முன்னால் யூரின் கல்ச்சருக்கு மாதிரி கொடுத்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு இது முக்கியம்.

பென்சிலின் வேண்டாம் என்றால் கை தானாகப் போகும் மற்ற மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அலர்ஜி இல்லாத மருந்து என்பதும் ஆபத்தில்லாத மருந்து என்பதும் ஒன்றில்லை. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை, நீர்க்கடுப்புக்கு முக்கியக் காரணமான ஈ. கோலைக்கு எதிராக நம் நாட்டில் வலு இழந்து ரொம்ப நாளாகிறது. போதாததற்கு வயதானவர்களுக்குக் குதிகால் தசைநார் அறுவது, சர்க்கரை திடீரென்று ஏறி இறங்குவது என்று அதன் தொல்லைகள் நீளம். இருமலுக்கு இதைக் கொடுத்தால் மறைந்திருக்கும் டி.பி. பாதி அமுங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். கோட்ரைமாக்சசோல், அதாவது செப்ட்ரான், சல்ஃபா வகை. பென்சிலின் அலர்ஜிக்கும் சல்ஃபா அலர்ஜிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் உங்கள் அம்மா பிரஷருக்கு டெல்மிசார்டனோ எனலாப்ரிலோ சாப்பிட்டால் இதுவும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும், அறுபது தாண்டியவர்களுக்கு இது விளையாட்டில்லை. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வரவழைக்கும் மருந்துகளின் பட்டியலிலும் சல்ஃபா மேலேயே இருக்கிறது. கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் கொலஸ்ட்ரால் மாத்திரையோடு மோதும், சிம்வாஸ்டாட்டினோடு சேர்க்கவே கூடாது, அடார்வாஸ்டாட்டினோடும் கவனம் தேவை. அஸித்ரோமைசினில் இந்த மோதல் குறைவு, ஆனால் ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீண்டு இதயத் துடிப்பு தாறுமாறாகக்கூடிய சிக்கல் மூன்றுக்கும் பொது. டாக்சிசைக்ளினை ஒரு தம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கிளிண்டாமைசின் பல்லுக்கும் தோலுக்கும் நன்றாக வேலை செய்யும், ஆனால் குடலில் சி. டிஃபிசில் என்ற கிருமி பெருகிக் கடும் வயிற்றுப்போக்கு வரவைப்பதில் பேர்போனது. 2018-இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், பென்சிலின் அலர்ஜி என்று பதிவானவர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. (வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃப் கிருமி) தொற்று 69 சதவீதமும் சி. டிஃபிசில் தொற்று 26 சதவீதமும் அதிகமாக இருந்தது. மாற்று மருந்துகளை அதிகம் எடுத்ததற்கு அதில் கணிசமான பங்கு உண்டு.

தொண்டை, பல் விஷயங்களைச் சுருக்கமாக முடிக்கிறேன். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸ், எதுவும் தேவையில்லை. ஸ்ட்ரெப் கிருமி என்று தெரிந்தால், காணாக்கடியோ அனஃபிலாக்ஸிஸோ வராதவருக்குச் செஃபலெக்சின் 500 மி.கி. இரண்டு வேளை 10 நாள். உடனடி வகை வந்தவருக்கு, செஃபலெக்சினில் ஆம்பிசிலின் சாயல் இருப்பதால், அஸித்ரோமைசின் 5 நாள் அல்லது கிளிண்டாமைசின் 300 மி.கி. மூன்று வேளை 10 நாள். இவை பெரியவர்களுக்கான அளவு, குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான். பல் சீழுக்கு முதல் வைத்தியம் சீழை வெளியேற்றுவது. மாத்திரை அதற்குத் துணை. பெனிட்யூர் (நீடித்து வேலை செய்யும் பென்சிலின்) ஊசி 21 நாளுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் வாதக் காய்ச்சல் இதய நோயாளிகள் விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு அந்த ஊசிக்கு நிகரான மாற்று இல்லை, அலர்ஜி உண்மையா என்று தீர்க்கமாகப் பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். கர்ப்பிணிக்கு சிஃபிலிஸ் வந்தால் பென்சிலின் ஒன்றே மருந்து. அலர்ஜி நிஜமாகவே இருந்தாலும், மிகமிகச் சிறிய அளவில் ஆரம்பித்து 15 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, நான்கு மணி நேரத்தில் முழு அளவுக்கு உடம்பைப் பழக்குவார்கள். ஆஸ்பத்திரிக்குள், கண்காணிப்பில் செய்யும் வேலை இது. மருந்து நின்ற சில நாளில் அந்தப் பழக்கமும் போய்விடும். அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து.

முழங்கால் அறுவைக்கு வருவோம். மூட்டுக்குள் உலோகம் வைக்கும்போது தொற்று தடுக்கக் கொடுக்கும் மருந்துகளில் செஃபஸோலின்தான் முதன்மை. 2 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள், நரம்பில். செஃபஸோலினின் பக்கச் சங்கிலி எந்தப் பென்சிலினிலும் இல்லை, வழக்கமாகப் போடும் மற்றச் செஃபலோஸ்போரின்களிலும் இல்லை. அதனால் பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களிடம் அதற்கான எதிர்வினை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நம் ஊரில் பலர் செஃபுராக்சிம் 1.5 கிராம் போடுகிறார்கள், அதுவும் சாயல் இல்லாததே. ஃபைலில் அலர்ஜி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வான்கோமைசினுக்கோ கிளிண்டாமைசினுக்கோ மாற்றினால், சாதாரண ஸ்டாஃப் கிருமிக்கு எதிராக அவற்றின் வீரியம் குறைவு. வான்கோமைசினை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மெதுவாக ஏற்ற வேண்டும். தியேட்டர் அவசரத்தில் பாதி ஏறும் முன்பே அறுவை ஆரம்பித்துவிடும். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், அதையும் இன்னொரு 'அலர்ஜி'யாக எழுதிவிடுவார்கள். பென்சிலின் அலர்ஜி என்று பதிவானவர்களுக்கு அறுவைக் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு என்று ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. காரணம் அலர்ஜி இல்லை, மாற்றிப் போட்ட மருந்து. ஆகவே அறுவைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எலும்பு டாக்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் அந்தத் தாளைக் காட்டி, "செஃபஸோலின் போடலாமா" என்று நேராகக் கேளுங்கள். இன்னொன்று: எரிச்சல் அடங்கிய பிறகு அறுவைக்காக எடுக்கும் யூரின் கல்ச்சரில் கிருமி தெரிந்தாலும், தொந்தரவு எதுவும் இல்லை என்றால் அதற்காகத் திரும்ப ஆன்டிபயாடிக் தேவையில்லை.

டெஸ்ட் டோஸ். முன்கையில் 0.1 மி.லி. தோலுக்குள் குத்தி, பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி நேரம் கழித்து "ஒண்ணுமில்ல" என்று முழு ஊசியும் போடும் அந்த வழக்கத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அலர்ஜி வரலாறே இல்லாதவருக்குச் செஃப்ட்ரையாக்சோன் போடுமுன் இப்படிச் செய்வதால் எந்தப் பயனும் இல்லை. வரலாறு உள்ளவருக்கு இது போதாது. குப்பியில் கரைத்ததை அப்படியே குத்தினால் அந்த அடர்த்தியே தோலை எரித்துச் சிவக்க வைக்கும்; இல்லாத அலர்ஜி இருப்பதாகத் தெரியும். மறுபக்கம், அவில் அல்லது செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை சாப்பிட்டவருக்கு இருக்கிற அலர்ஜியும் தெரியாமல் போகும். முறையான சோதனையில் அடர்த்திக்குக் கணக்கு உண்டு. பென்சிலின்-ஜி என்றால் மி.லி.க்கு 10,000 யூனிட்: 10 லட்சம் யூனிட் குப்பியை 10 மி.லி.யில் கரைத்து, அதில் 1 மி.லி. எடுத்து மறுபடி 10 மி.லி. ஆக்க வேண்டும். முதலில் தோல் மேல் ஒரு துளி விட்டு லேசாகக் குத்துவது. அது சரியென்றால் மட்டும் 0.02 முதல் 0.05 மி.லி. தோலுக்குள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே, தோலைத் தடிக்க வைக்கும் ஹிஸ்டமின் ஒன்று, தடிக்க வைக்காத வெறும் சலைன் ஒன்று. 15 நிமிஷத்தில் சலைனைவிட 3 மி.மீ. பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். பென்சிலின் உடம்பில் உடைந்து உருவாகும் பென்சிலாயில் என்ற பொருளையும் சேர்த்துச் சோதித்தால்தான் முழுமை. அந்தத் தயாரிப்பு இந்தியாவில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. அதனால் இங்கே தோல் சோதனை நெகட்டிவ் என்பதை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது, கண்காணிப்பில் வாய்வழி ஒரு டோஸ் கொடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

உங்கள் அம்மா மாதிரி குறைந்த ஆபத்துள்ளவர்களுக்குத் தோல் சோதனையைத் தாண்டி நேராக அந்த வாய்வழி டோஸுக்கே போகலாம் என்பதுதான் இப்போதைய போக்கு. யார் குறைந்த ஆபத்து என்று கணிக்க, ஆஸ்திரேலியாவில் உருவாகி 2020-இல் வெளியான பென்-ஃபாஸ்ட் என்ற மதிப்பெண் முறை எளிது. எதிர்வினை கடந்த 5 வருஷத்துக்குள் என்றால் 2. அனஃபிலாக்ஸிஸ், முக வீக்கம் அல்லது பொல்லாத தோல் நோய் என்றால் 2. அதற்குச் சிகிச்சை தேவைப்பட்டது அல்லது நினைவில்லை என்றால் 1. கூட்டுத்தொகை 3-க்குக் கீழே என்றால் உண்மையான அலர்ஜி இருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. அம்மாவுக்கு ஊசி போட்டு அடக்கியதால் 1. 2023-இல் வெளியான பல நாட்டு ஆய்வில், 3-க்குக் கீழே பெற்ற பெரியவர்களில் ஒரு பாதியினருக்கு நேராக வாய்வழி டோஸ், மறு பாதியினருக்கு முதலில் தோல் சோதனை என்று செய்து பார்த்தார்கள். எதிர்வினை வந்தது பக்கத்துக்கு ஒரே ஒருவருக்குத்தான். இதை நான் முழு மனதோடு ஏற்பது, பெயர் தெரிந்த மருந்தும் ஓரளவு நம்பகமான வரலாறும் இருக்கும் இடத்தில். எந்த ஊசி என்றே தெரியாமல் "ஏதோ போட்டாங்க, மயங்கிட்டேன்" என்பவர்களுக்கு மதிப்பெண்ணை நம்பிவிட மாட்டேன். அவர்களை அலர்ஜி டாக்டர் பார்க்கட்டும்.

வாய்வழிச் சோதனை என்பது இதுதான்: காய்ச்சல், கட்டுப்படாத ஆஸ்துமா எதுவும் இல்லாத நாளில், அலர்ஜி மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரியில் அமாக்ஸிசிலின் 250 அல்லது 500 மி.கி. கொடுத்து ஒரு மணி நேரமாவது கவனிப்பது. கூடுதல் எச்சரிக்கை வேண்டுமென்றால் முதலில் பத்தில் ஒரு பங்கு, அரை மணி நேரம் கழித்து மீதி. அடுத்த சில நாளில் பொரி ஏதாவது வந்தால் போட்டோ எடுத்துக் காட்டச் சொல்வார்கள். வீட்டில் ஆக்மென்டினில் கால் மாத்திரை உடைத்துப் போட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். பீட்டா-பிளாக்கர், அதாவது அட்டெனலால், மெட்டோப்ரலால் சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். எதிர்வினை வந்தால் அட்ரினலின் வேலை செய்வதை அது மட்டுப்படுத்தும்.

எங்கே எந்த ஆன்டிபயாடிக் போட்டாலும், சில நிமிஷத்தில் அரிப்போடு மூச்சு வாங்கினால், குரல் கம்மினால், தலை சுற்றிச் சாய்ந்தால் முதல் மருந்து அட்ரினலின்: பெரியவருக்கு 0.5 மி.கி., அதாவது ஆயிரத்தில் ஒன்று கரைசலில் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஐந்து நிமிஷத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். அவிலும் எஃப்கார்லினும் (ஸ்டீராய்டு ஊசி) பிறகு வரலாம், அவை அட்ரினலினுக்கு மாற்று இல்லை. கிளினிக்கில் உயிர் போவது பெரும்பாலும் அவிலைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

சோதனை முடியும் வரை அம்மா கையில் ஒரு சின்ன அட்டை இருக்கட்டும். அதில் 'பென்சிலின் அலர்ஜி' என்று மட்டும் எழுதாமல், எந்த ஊசி, எந்த வருஷம், எத்தனை நிமிஷத்தில் என்ன வந்தது, எப்படி அடங்கியது, அதற்குப் பிறகு எந்தெந்த ஆன்டிபயாடிக் ஒத்துக்கொண்டது என்று எழுதுங்கள். கடைசி வரிதான் அவசரத்தில் டாக்டருக்கு அதிகம் உதவும். அதோடு பென்சிலின் ஒளிந்திருக்கும் கடைப் பெயர்களையும் குறித்து வையுங்கள்: ஆக்மென்டின், கிளாவம், மாக்ஸிகைண்ட் சி.வி., ஆம்பிசிலினும் கிளாக்ஸாசிலினும் சேர்ந்த மெகாபென், பெனிட்யூர், ஆஸ்பத்திரியில் போடும் பைப்பராசிலின்-டாஸோபாக்டம், வயிற்றுப்புண் கிருமிக்கு மொத்தமாகத் தரும் எச். பைலோரி கிட். சிலருக்கு ஆக்மென்டினில் மட்டும் அலர்ஜி வந்து வெறும் அமாக்ஸிசிலின் ஒத்துக்கொள்ளும். அங்கே குற்றவாளி கிளாவுலானிக் அமிலம். சோதனையில் அம்மா தேறிவிட்டால், தேதியோடு டாக்டரிடம் எழுத்தில் வாங்கி, சர்க்கரை டாக்டர் ஃபைல், எலும்பு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பதிவு, பல் டாக்டர், வழக்கமாக வாங்கும் மெடிக்கல் ஷாப் என்று ஒவ்வோர் இடமாகப் போய்ப் பழைய எழுத்தை அடிக்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் விட்டுவிட்டாலும் அடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அது திரும்ப ஏறிவிடும்.